பொன்னுருக்கில் நான் எழுந்து போனது

அன்புள்ள ராசா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கதிரையை இழுக்கிற சத்தம் கேட்கிறது, கனடாவில் இருக்கிற சிநேகிதனோடு சிரித்துக் கதைக்கிற சத்தமும் கேட்கிறது. என்னோடுதான் கதை இல்லை. தாலிக்குப் பொன்னுருக்கு முடிந்ததிலிருந்து "சாப்பிட வா" என்றால் "பசிக்கேல்லை", "தேத்தண்ணி போடட்டோ" என்றால் "வேண்டாம்". அதற்கு மேல் எங்களுக்குள் ஒரு சொல் இல்லை. இத்தனை வருசமும் தொலைபேசியில் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கோப்பாய் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால், தொலைபேசிக்குள் இருந்தபோதுதான் நீ எனக்குக் கிட்ட இருந்திருக்கிறாய். அடுத்த கிழமை உனக்குக் கலியாணம். அது முடிந்தால் நீ உன் மனைவியோடு கனடாவுக்குப் பறந்துவிடுவாய். இந்தக் கோபத்தோடு நீ விமானம் ஏறினால், பிறகு இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தகப்பன் இல்லாத வீட்டில் தாய் முன்னுக்கு நிற்கக் கூடாது, சோடியாக இருக்கிற பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் அதை மாற்றும்படி கேட்கவில்லை. நீதான் கனடாவிலிருந்தே சண்டையைத் தொடங்கினாய். "பெரியப்பா, அப்பா போன பிறகு என்னை வளத்தது அம்மா. அம்மா முன்னுக்கு இருக்காட்டி எனக்குப் பொன்னுருக்கும் வேண்டாம், கலியாணமும் வேண்டாம்" என்று நீ சொன்னதைப் பெரியப்பா எனக்கு வந்து சொன்னபோது, குசினிக்குள் போய் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான். கடைசியில் அவரும், "சரி, காலம் மாறிப் போச்சு, அவன்ரை விருப்பப்படி செய்யட்டும்" என்று முனகிக்கொண்டு ஒத்துக்கொண்டார். நீ எனக்கென்று வாங்கி வந்த சந்தன நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் விறாந்தையில், தாலிக்குப் பொன் உருக்குகிற நெருப்புக்கு முன்னால் உனக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஆசாரியார் ஊதி ஊதிப் பார்த்தார், பொன் உருகுகிறதாக இல்லை. முதல் நாள் பின்னேரத்திலிருந்து நான் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. விடிந்ததிலிருந்து எத்தனை தரம் கக்கூசுக்குப் போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்படியிருந்தும் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. காலை இறுக்கிக்கொண்டு, பிள்ளையாரை நேர்ந்துகொண்டு இருந்தேன். அப்போது கரிப்புகை என் பக்கம் திரும்பியது. இருமினேன். அவ்வளவுதான். ஆசாரியார் பொன்னை எடுத்துத் தட்டில் வைக்க, நீ அதை வாங்கி என் பக்கம் திரும்ப, நான் எழுந்து போய்விட்டேன். வெறுங் கதிரைக்கு முன்னால் நீ தட்டோடு நின்றாயாம். பெரியம்மா வந்து அதை வாங்கினாவாம். நான் பார்க்கவில்லை, அறைக்குள் சேலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

கடும்பச்சை நூல் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெண்கள் கூடிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். "பாத்தியளே, பெடியன் பிடிச்ச பிடியிலை நிண்டாலும் டீச்சர் தன்ரை நிலையை மறக்கேல்லை. பட்டையும் கழட்டிப் போட்டா." விதவை என்று நானாக விலகிக்கொண்டேனாம், எல்லோரும் என்னை மெச்சினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல ஒரு காரணம் கிடைத்துவிட்டது, பிடித்துக்கொண்டேன். நீ வந்து "என்னம்மா நடந்தது?" என்று கேட்டபோதும் அதையே பிடித்துக்கொண்டு, "எனக்கு உதுகள் சரிவராது ராசா. மணவறையிலையும் பெரியம்மாவே இருக்கட்டும்" என்றேன். உன் முகம் கறுத்தது. "அப்ப நான் ஆருக்காக அம்மா சண்டை பிடிச்சனான்? எல்லாற்றை முன்னாலையும் என்னை விசரனாக்கிப் போட்டியள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். இன்னும் வெளியே வரவில்லை.

எனக்குக் கலியாணப் பொம்பிளையைப் பிடிக்கவில்லையாக்கும் என்று சிலர் கதைக்கிறார்களாம். உன்னைவிட எனக்கு வழக்கம் பெரிது என்று நீ நினைக்கிறாய். இரண்டும் பிழை. எனக்குச் சலம் போய்விட்டது ராசா. நீ வாங்கித் தந்த பட்டில், அத்தனை பேருக்கு நடுவில், அடக்க முடியாமல் போய்விட்டது. அதுதான் விசயம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எழுதிவிட்டேன். நீ ஆம்பிளைப் பிள்ளை. மகளாக இருந்தால் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் எப்போதோ சொல்லியிருப்பேனோ, என்னவோ. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மாதவிலக்கு நின்ற வருசம் நான் சந்தோசப்பட்டவள். இனித் துடக்கு இல்லை, நாள் பார்க்கத் தேவையில்லை, நினைத்த நேரம் கோயிலுக்குப் போகலாம் என்று நினைத்தேன். கொஞ்சக் காலம் போனேன்தான். பிறகு ஒரு நாள் வகுப்பில் சோக்கட்டித் தூசுக்குத் தும்மினேன். ஒரு துளி. வயது போகிறது, இதெல்லாம் வரும்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு சிரித்தால் வந்தது, கிணற்றில் வாளி இழுத்தால் வந்தது. பிறகு அதுவும் வேண்டாம், படலையைத் திறந்து வளவுக்குள் கால் வைத்தாலே போதும், கைப்பைக்குள் கதவுத் திறப்பைத் தேடி எடுப்பதற்குள் முந்திக்கொண்டு வந்துவிடும். எரிச்சலும் கடுப்பும் வந்து வந்து போகும். துடக்கு முடிந்தது என்று நினைத்தவளுக்கு முடிவில்லாத துடக்கு வந்து சேர்ந்தது. ஈரத்தோடு சந்நிதியில் நிற்க மனம் ஒப்பவில்லை. கோயிலை விட்டேன். நான் கோயில்காரரோடு கோபம் என்று ஊரில் ஒரு கதை உலாவியது. அதையும் நான் மறுக்கவில்லை.

இப்படி ஒன்றொன்றாய் விட்டதுதான் இந்தச் சில வருசத்து என் வாழ்க்கை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் அப்பாவை நினைத்து முழுகிவிட்டு வருவேனே, அயலட்டையார் வான் பிடித்துக் கூப்பிட்டார்கள், முழங்கால் நோகுது என்றேன். நீ கனடாவுக்குக் கூப்பிட்டாய், விசாவுக்குக் கடுதாசி எல்லாம் அனுப்பினாய். குளிர் ஒத்துவராது என்றேன். குளிரா எனக்குப் பயம்? விமானத்தில் நடுக் கதிரையில் இருந்துகொண்டு, பக்கத்தில் நித்திரை கொள்ளுகிற ஆளை எத்தனை தரம் எழுப்புவது என்றுதான் பயம். எங்கே போனாலும் முதலில் கக்கூசு எங்கே என்று பார்ப்பேன். அது தெரியாத இடத்துக்குப் போக மாட்டேன். ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்தால் மணக்குமோ என்று தள்ளி இருந்தேன். தள்ளித் தள்ளி இருந்து, கடைசியில் தள்ளி இருக்கவும் ஆள் இல்லாமல் போனது. பின்னேரங்களில் வாசல் கதவைச் சாத்திவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் இருப்பேன். நீ தொலைபேசி எடுத்து "என்னம்மா செய்யிறியள்?" என்றால் "சும்மா இருக்கிறன்" என்பேன். அந்தச் சும்மாவுக்குள் இவ்வளவும் கிடந்தது.

இன்னொரு சிரிப்பும் கேள். நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். சிறுநீரகம், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை என்று கலர்ச் சோக்கட்டியால் கீறி, பை விரியும் சுருங்கும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பை எனக்குள்ளேயும் இருக்கிறது, அதற்கும் வயது போகும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அடக்குவதுதான் ஒழுக்கம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குள் கால் வைக்க முடியாது, அதனால் விடியப் போனால் பள்ளி விடும்வரை அடக்குவேன். இடம்பெயர்ந்து போன நாட்களில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒதுங்க மறைப்பில்லாமல், பொழுது படும்வரை அடக்கியிருக்கிறேன். பிறகு, சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் வான் பிடித்துக் கதிர்காமத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ பின் சீற்றில் இருந்து தண்ணீர் வடிகிற வத்தகைப்பழம் நீட்டினாய், நான் வேண்டாம் என்றேன். கோபமா என்று கேட்டாய். கோபம் இல்லை. அப்பா இரண்டு தரம் வானை நிற்பாட்டி ஆம்பிளைகள் எல்லாம் இறங்கிப் பற்றைப் பக்கம் போய் வந்தார்கள். உங்களுக்கென்ன, ஊரெல்லாம் கக்கூசு. நான் "இஞ்சருங்கோ, எனக்கும் ஒருக்கா..." என்று தொடங்க, அப்பா திரும்பிப் பார்க்காமலே, "கொஞ்சம் பொறும், வவுனியா வந்திடும்" என்றார். வவுனியா வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று அந்த வானில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. எங்கள் கலியாண வாழ்க்கையில் பாதி இப்படித்தான் போனது.

நேற்று முன்தினம் நான் வெளிக்கிட்டபோது நீ உள்ளேயிருந்து, "எங்கை போறியள்?" என்று கேட்டாய். இந்த நாட்களில் நீயாகக் கேட்ட ஒரே கேள்வி. "சந்தைக்கு" என்றேன். சந்தைக்குப் போகவில்லை. பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். என்னைத் தெரியாத ஒரு லேடி டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று தேடி, பேர் கேள்விப்படாத ஒரு கிளினிக்குக்குள் போய்க் குந்தினேன். கதவைத் திறந்தால், "டீச்சர்! என்னைத் தெரியுதே?" என்று எழும்பி நிற்கிறாள் ஒரு பிள்ளை. வகுப்பில் வாய் ஓயாமல் கதைக்கிறாள் என்று நான் வெளியே நிற்பாட்டி வைத்தவள். யாழ்ப்பாணத்தில் தெரியாத ஆள் தேடிப் போன என்னை என்ன சொல்ல? திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஓடினால் சலம் போய்விடும் என்ற பயத்தில் இருந்துவிட்டேன்.

நான் வருத்தத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லச் சொல்ல, அவள் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏன் டீச்சர் உவ்வளவு காலம் வரேல்லை?" என்று கேட்டாள். "உதுக்கெல்லாம் ஆராவது டொக்டரிட்டை வாறதோ பிள்ளை?" என்றேன். "ஓம் டீச்சர், வரத்தான் வேணும். உங்கடை வயசிலை எத்தனையோ பேருக்கு இருக்குது. ஒருத்தரும் சொல்லிறேல்லை, அதாலை ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும் எண்டு நினைக்கினம்." மாதவிலக்கு நிற்கிற காலத்தில் ஓமோன் குறைய, சலம் போகிற வழியும் அதைச் சுற்றியுள்ள தோலும் மெலிந்து வறண்டு போகுமாம். பிள்ளை பெற்ற உடம்பில் பையைத் தாங்குகிற தசையும் தளர்ந்து போகுமாம். அதனால்தான் இருமினால் சிந்துவதும், அவசரமாய் முட்டிக்கொண்டு வருவதும், அடிக்கடி கிருமி தொற்றுவதும். சலத்தைச் சோதித்துப் பார்த்தாள், கிருமி இருந்தது, குளிசை தந்தாள். சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தமும் எடுத்தாள். உள்ளே பூச ஒரு கிறீம் எழுதித் தந்தாள்.

தண்ணீர் குடிப்பதை விட்டேன் என்று நான் பெருமையாகச் சொன்னபோதுதான் அவள் ஏசினாள். "அதுதான் பெரிய பிழை டீச்சர். தண்ணி குறைஞ்சால் சலம் செறிஞ்சு பையை இன்னும் உறுத்தும், கிருமிக்கும் அது வாய்ப்பு. தண்ணியைக் குடியுங்கோ, தேத்தண்ணியைக் குறையுங்கோ." பிறகு, சலத்தையும் காற்றையும் அடக்க உள்ளே இழுப்போமே, அந்தத் தசையை இறுக்கி, கொஞ்சம் பிடித்து, விடுகிற பயிற்சியைச் சொல்லித் தந்தாள். ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. சும்மா சும்மா எதற்கும் இருக்கட்டும் என்று கக்கூசுக்கு ஓடக் கூடாதாம், பை கொஞ்சச் சலத்துக்கே முட்டப் பழகிவிடுமாம். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளிப் பழக்க வேண்டுமாம். "மாறுமோ பிள்ளை?" என்று கேட்டேன். "நல்லாக் குறையும் டீச்சர். ஆனால் மாசக் கணக்கிலை விடாமல் செய்யவேணும்." "அடுத்த கிழமை மகன்ரை கலியாணம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். "அதுக்குள்ளை மாறாது டீச்சர். பேட் வைச்சுக்கொண்டு போங்கோ. அவசரம் எண்டால் எழும்பிப் போட்டு வாங்கோ. எழும்பிப் போறது ஒரு குற்றமே?" நான் படிப்பித்த பிள்ளைக்கு முன்னால் மூக்கைச் சீறி அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வரும்போது பஸ்ஸில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி முழுவதும் குடித்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு பஸ்ஸில் இருந்து தண்ணீர் குடித்தேன் ராசா. அது எவ்வளவு ருசி என்று மறந்து போயிருந்தேன்.

மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறவர்கள் சிக்கனமாய் இரு, பெரியவர்களை மதி என்றெல்லாம் எழுதுவார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். நீ கட்டப் போகிற பிள்ளை உன்னோடு காரில் வரும்போது, எங்கேயாவது நிற்பாட்டச் சொன்னால், நிற்பாட்டு. எதற்கு என்று கேளாதே, அடுத்த ஊரில் பார்ப்போம் என்று சொல்லாதே. அவள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்று பார். அவளுக்கும் ஒரு காலம் என் வயது வரும். இரவில் நித்திரை வராது, உடம்பு கொதிக்கும், காரணம் இல்லாமல் எரிந்து விழுவாள், ஒரு இடத்துக்கும் வரமாட்டேன் என்பாள். அப்போது கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாதே. பக்கத்தில் இருந்து கேள். சொல்லாவிட்டால் இன்னொரு தரம் கேள். என்னிடம் ஒருத்தரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ எப்படிக் கேட்பாய்? உனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்கிறேன். சின்ன வயதில் நீ பாயில் சலம் போவாய், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும். அப்போது பெரியப்பா குடும்பமும் இதே வளவில்தான். அவர்களின் பிள்ளைகள் அறிந்தால் உன்னைப் பேர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று, ஒருத்தரும் எழும்ப முன்னம் உன்னைத் துடைத்து உடுப்பு மாற்றி, பாயையும் துணியையும் கிணற்றடியில் அலம்பிவிடுவேன். ஒரு நாள் பெரியம்மா கண்டுவிட்டா. "என்ன, விடியக் காலமை பாய் கழுவிறாய்?" என்றா. "செம்பைத் தட்டி ஊத்திப் போட்டன் அக்கா" என்றேன். "உனக்கு எந்த நாளும் கைநடுக்கம்தான்" என்று சிரித்தா. நீ பக்கத்தில் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியாமலே அந்த வயது கடந்து போனது. அது எனக்குப் பெரிய திருப்தி.

அந்தச் சந்தனப் பட்டை இன்று அலம்பி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். கறை இல்லை. கலியாணத்தன்று அதைத்தான் கட்டப் போகிறேன். மணவறையில் உன் பக்கத்தில் நான்தான் இருப்பேன், பெரியப்பாவிடம் நானே சொல்கிறேன். எல்லோரும் என்ன சொல்வார்கள் என்று இத்தனை காலம் கேட்டது காணும், இனி வேண்டாம். தாலி கட்டுகிற நேரத்துக்கு எப்படியும் இருந்துவிடுவேன், பிள்ளையார் பார்த்துக்கொள்வார். ஆனால் அதன் பிறகு அறுகரிசி போட்டு வாழ்த்துகிற நேரம் வரும். ஐயர் தாயைக் கூப்பிடுவார். நீ திரும்பிப் பார்க்கும்போது என் கதிரை வெறுமையாக இருக்கலாம். பெரியம்மா எழும்புவா, ஐயர் அவசரப்படுத்துவார். நான் எங்கே போனேன் என்று அந்த மண்டபத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லாதே. அறுகரிசித் தட்டை வேறு கையில் கொடுக்க விடாதே. கொஞ்சம் பொறு ராசா. அம்மா வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
அடுத்த அறையில் இருக்கும்
அம்மா